எந்த விறகு வாங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்தால் விறகைப் பற்றிய கடிதங்கள் வந்து குவியும். சுடுதண்ணிக்கும் அடுப்புக்கும் கேட்பவர்களே அதிகம். மலையோரத்தில் வீட்டைச் சூடாக வைக்கக் கேட்பவர்களும் உண்டு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோமுங்க. ஆறு பேருக்குத் தினமும் சுடுதண்ணி காய வைக்கணும். விறகுக்கடையில் சீமைக்கருவேல், சவுக்கு, புளி, தைலமரம் இருக்குது. எங்க காட்டிலேயே வெள்வேலும் வேம்பும் இருக்குது. எது நல்ல விறகுங்க?

எடைக்கு எடை பார்த்தால் நன்றாகக் காய்ந்த எந்த மரமும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும். ஈரமே இல்லாத ஒரு கிலோ கட்டையில் சுமார் 4,400 கிலோ கலோரி இருக்கும். இதில் புளிக்கும் இலவத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் கட்டையின் கனத்தில் வருகிறது. ஒரு கன அடி புளியங்கட்டை 25 கிலோ இருக்கும். அதே அளவு இலவங்கட்டை பத்து கிலோவைத் தொடாது. லேசான கட்டை சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும், கங்கு நிற்காது, நீங்கள் அடுப்படியை விட்டு நகர முடியாது. கனமான கட்டை மெதுவாக எரிந்து கங்கு போடும். தண்ணி காய வைக்க அதுதான் தோது.

மரத்தின் பெயரைக் காட்டிலும் ஈரம்தான் கணக்கை மாற்றுவது. பச்சைக் கட்டையில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே கிலோவுக்கு 600 கிலோ கலோரி வரை செலவாகும். பாதி ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் உங்களுக்கு மிஞ்சுவது 1,900 கிலோ கலோரி. ஈரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால் 3,400 கிடைக்கும். பச்சைப் புளியை எரிப்பதைவிடக் காய்ந்த வேம்பை எரிப்பது மேல்.

மார்கழிக் காலையில் 22 டிகிரியில் இருக்கும் ஒரு வாளித் தண்ணியை, அதாவது 20 லிட்டரை, 45 டிகிரிக்குக் கொண்டுவர 460 கிலோ கலோரி வேண்டும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குச் சூடு தவலைக்குப் போனாலே பெரிது. ஆக, வாளிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் காய்ந்த விறகு. ஆறு வாளிக்கு ஏழு கிலோ. நடுவில் குழாய் போகும் செம்பு பாய்லர் வைத்திருந்தால் அதில் பாதிகூட ஆகாது. விறகை மாற்றுவதற்கு முன்னால் அடுப்பை மாற்றினால் லாபம் என்பது இதனால்தான்.

இனி மரவாரியாக. வெள்வேல், கருவேல், சீமைக்கருவேல் மூன்றும் முதல் வரிசை: கனம், நல்ல கங்கு, நின்று எரியும். உங்கள் காட்டில் அரப்பு என்கிற உசிலை இருந்தால் அதையும் இவற்றோடு சேர்க்கலாம். புளியும் சூட்டில் குறைந்ததல்ல. ஆனால் அதன் நார் பின்னிப் பின்னி ஓடும், காய்ந்த பிறகு கோடாலிக்கு அசையாது. பச்சையாக இருக்கும்போதே ஆப்பு அடித்துப் பிளந்துவிடுங்கள். தைலமரத்துக்கும் இதே கதைதான். சவுக்கு நேராகப் பிளக்கும், சுலபமாகப் பற்றும், குறையே சொல்ல முடியாது. சாரக்கட்டுக்கும் புகளூர் காகித ஆலைக்கும் போகிற மரம் என்பதால் விலைதான் இடிக்கும். வேம்பு நடுத்தரம். புகை கசக்கும் என்பதால் சுடுதண்ணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுட்டுத் தின்னும் பண்டத்துக்கு வேண்டாம். முருங்கை, இலவம், பெருமரம் எல்லாம் பற்றவைக்கும் சிலாம்புக்கு மட்டும்.

உங்கள் நிலைமைக்கு: சொந்தக் காட்டு வெள்வேலின் பக்கக் கிளைகளைக் கழித்து எரியுங்கள், மரத்தைச் சாய்க்க வேண்டாம். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல் நெற்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோடைத் தீனி. விறகு விலையைக் காட்டிலும் அந்த நெற்றின் மதிப்பு அதிகம். பற்றாக்குறைக்குக் கடையில் சீமைக்கருவேல் வாங்கிக்கொள்ளலாம்.

விறகு எத்தனை நாள் காயணும்? தார்ப்பாய் போட்டு மூடி வைத்தும் பூஞ்சை பிடிக்கிறது. (தாராபுரம்)

தார்ப்பாய் போட்டு மூடியதால்தான் பூஞ்சை பிடித்தது. கட்டையிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் தார்ப்பாயின் உள்பக்கம் வேர்த்து, திரும்பக் கட்டை மீதே சொட்டும். மேலே மட்டும் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. அதுதான் விறகுக்கு வேண்டிய வீடு.

நம் பக்கத்துக்கு ஏற்ற கணக்கு இது. தை, மாசியில் வெட்டுங்கள். வெட்டிய வாரத்திலேயே ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். மரத்துக்குள் தண்ணீர் நீளவாக்கில் ஓடும் நுண்குழாய்கள் வழியாகத்தான் போய்வருகிறது. அறுத்த முனைகள் வழியே சீக்கிரம் வெளியேறும். பட்டை வழியே வெளியேறுவது அபூர்வம். ஆறடி நீளக் கட்டையைப் பட்டையோடு போட்டுவைத்தால் ஒரு வருடம் கழித்தும் நடுவில் ஈரம் இருக்கும். அதே கட்டையைத் துண்டு போட்டுப் பிளந்தால் கோடையிலேயே மூன்று நாலு மாதத்தில் காய்ந்துவிடும். தொடைப் பருமன் உருட்டுக் கட்டைக்கு எட்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கும் திசை முக்கியம். வைகாசி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வரும். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றை வீணாக்கக் கூடாது. அடுக்கு வரிசை வடக்குத் தெற்காக ஓடட்டும், அறுத்த முனைகள் மேற்கையும் கிழக்கையும் பார்க்கட்டும். காற்று முனை வழியே புகுந்து மறுபக்கம் போகும். ஒரு வரிசைக்கு ஒரு கட்டை நீளம்தான் அகலம். உயரம் நாலரை அடிக்கு மேல் வேண்டாம், சரியும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். அடியில் அரை அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக்கோ கல்லோ வைத்து, அதன்மேல் இரண்டு நீளக் கழி போட்டு அடுக்குங்கள். மண்ணில் நேராகப் போட்டால் ஒரே மழையில் செல்லு (கரையான்) ஏறிவிடும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில், காய்ந்ததைக் கொட்டகைக்குள் ஏற்றிவிடுங்கள். நம் பக்கம் பெரிய மழை அப்போதுதான். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் செல்லுக்குப் பாலம் போட்டுக் கொடுத்தது போலாகும். விறகு அடுக்கு என்றால் தேளும் சுருட்டை விரியனும் இருக்கும் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். கைவிடுவதற்கு முன் கழியால் தட்டிவிட்டு, மேல் அடுக்கிலிருந்து மட்டும் எடுங்கள். விடியற்காலை இருட்டில் எடுக்காமல் அடுத்த நாளுக்கு வேண்டியதை முந்தின நாள் சாயங்காலமே எடுத்து வைப்பது நல்லது.

கடைக்காரர் “நல்லாக் காஞ்ச விறகுங்க” என்கிறார். வீட்டுக்கு வந்தால் புகைகிறது. வாங்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி? (ஈரோடு)

காய்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்கும். ஆனால் வெடிப்பை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு வாரம் வெயிலில் கிடந்தால் முனை வெடித்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டண்’ என்று கணீரென்று கேட்கும், ஈரமானது ‘தொப்’பென்று அடங்கும். பட்டையை நகத்தால் நெம்பினால் காய்ந்த கட்டையில் கழன்று வரும். கடைசியாக, ஒரு துண்டைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். பிளந்த உள்முகத்தைக் கன்னத்தில் வைத்தால் ஈரக் கட்டை சில்லென்று இருக்கும். முள்ளிரண்டு வைத்த ஈரப்பத மீட்டர் வாங்குவதானாலும் இப்படிப் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும். வெளிமுகத்தில் குத்தினால் அது கடைக்காரருக்குச் சாதகமாகத்தான் பேசும்.

வீட்டில் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா? கட்டையின் நடுப்பகுதியிலிருந்து 100 கிராம் சிலாம்பைச் செதுக்கி, சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, மிகச் சிறு தணலில் வைத்த தோசைக்கல்லில் கருகாமல் புரட்டிக்கொண்டே இருங்கள். எடை குறைவது நின்றதும் 72 கிராம் காட்டினால் ஈரம் நூற்றுக்கு 28. இருபதும் அதற்குக் கீழும் நல்ல விறகு. இருபத்தைந்துக்கு மேல் போனால் புகையும்.

விலைக் கணக்கை இப்படிப் போடுங்கள். எடுத்துக்காட்டுக்கு, நாற்பது சதவீத ஈரமுள்ள விறகு கிலோ 4 ரூபாய், இருபது சதவீத ஈரமுள்ளது 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஈர விறகு ஒரு டன் வாங்கினால் அதில் 400 கிலோ தண்ணீர். அது இருபது சதவீதத்துக்குக் காயும்போது 750 கிலோதான் நிற்கும். 4,000 ரூபாயை 750 ஆல் வகுத்தால் கிலோ 5 ரூபாய் 33 காசு ஆகிறது. 5 ரூபாய் விறகுதான் மலிவு. இடமும் கோடையும் கையில் இருந்து, ஈர விறகை இன்னும் குறைத்துத் தருகிறார்கள் என்றால் மட்டும் பச்சையாக வாங்கலாம்.

மழைக்காலத்தில் எடைமேடைக்குப் போகும் விறகு வண்டி வழியில் நனைந்திருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள். மேலே ஒட்டிய மழைநீர் இரண்டு நாளில் போய்விடும், விறகுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த எடைக்கும் நீங்கள் காசு கொடுத்திருப்பீர்கள்.

தோப்பில் முப்பது தென்னை வெட்டிப் போட்டிருக்கிறோம். மட்டை, தொட்டி (கொட்டாங்குச்சி) எல்லாம் நிறையக் கிடக்கிறது. இதையே வருடம் முழுக்க எரிக்கலாங்களா? (பொள்ளாச்சி)

மட்டையும் தொட்டியும் எரிக்கலாம். மரத்தை எரிப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். தென்னை மரத்தின் வெளிச்சுற்று மட்டுமே கெட்டி. நடுப்பகுதி சோறு போலிருக்கும், தண்ணீரை விடவே விடாது, காய்வதற்கு முன் பூஞ்சை பிடித்துவிடும். நெட்டுக்குத்தாக நான்காகப் பிளந்து, உள்சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வெளி ஓட்டை ஆறு மாதம் காய வைத்தால் சுமாரான விறகு. உழைப்புக்கு ஈடாகாது. செங்கல் சூளைக்காரர் கேட்டால் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் வேல விறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டி அருமையான எரிபொருள். கடுஞ்சூடு, குறைந்த சாம்பல். அதனாலேயே அளவோடு போட வேண்டும்: செம்பு பாய்லரில் குழாய் நிறையத் தொட்டியை அடைத்துவிட்டுத் தண்ணி குறைந்ததைக் கவனிக்காமல் விட்டால் பற்றுவைத்த இணைப்பு உருகி ஒழுக ஆரம்பிக்கும். நாலைந்து தொட்டி பற்றவைக்க, அதன்மேல் கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டையை அடிப்பக்கம் இரண்டாகப் பிளந்து ஒன்றரை மாதம் காய வைத்தால் நன்றாகப் பற்றும், சீக்கிரம் தீரும். மட்டைச் சாம்பலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். அது கம்பித் தட்டிலும் தகரப் புகைக்குழாயிலும் படிந்து ஈரத்தோடு சேர்ந்தால் அரிக்கும். மட்டையே எரிக்கிற வீட்டில் தகரக் குழாய் சீக்கிரம் ஓட்டை விழுவதற்குக் காரணம் இதுதான். வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். உரிமட்டை கங்கைக் காப்பாற்றி வைக்க உதவும், தண்ணி காய வைக்க உதவாது.

வேலை கோவையில். கோத்தகிரியில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். ஃபயர்பிளேஸ் மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது, அறையும் சூடாவதில்லை. மூட்டை மூட்டையாக விறகு போகிறது. சீகை (வாட்டில்), கற்பூரமரம் (தைலமரம்), சில்வர் ஓக், பைன் கிடைக்கிறது. என்ன செய்யலாம்?

திறந்த ஃபயர்பிளேஸ் பார்க்க அழகு. சூட்டுக் கணக்கில் தண்டம். எரிகிற தீ அறையின் சூடான காற்றையே இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வருகிறது. விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு அறைக்குக் கிடைத்தால் அதிகம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையை இரவுக் குளிரில் சூடாக வைக்க மணிக்கு சுமார் 1,700 கிலோ கலோரி வேண்டும் என்று வைத்தால், திறந்த ஃபயர்பிளேஸுக்கு மணிக்கு நான்கு கிலோ காய்ந்த விறகு ஆகும். கதவு வைத்த இரும்பு அடுப்புக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு.

முதலில் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். ஃபயர்பிளேஸின் வாய் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைபோக்கியின் உள்பரப்பு இருக்க வேண்டும். வாய் 30 அங்குல அகலம், 24 அங்குல உயரம் என்றால் 720 சதுர அங்குலம். புகைபோக்கி உள்ளே எட்டுக்கு ஒன்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வாயின் மேல்பக்கம் ஒரு இரும்புத் தகட்டை இறக்கி வாயைச் சிறிதாக்குங்கள். பல வீடுகளில் இந்த ஒன்றிலேயே புகை நின்றுவிடும். உச்சி, கூரையில் அது வெளிவரும் இடத்திலிருந்து மூன்று அடியும், பத்தடி சுற்றளவில் உள்ள எந்தக் கூரைப் பாகத்தையும்விட இரண்டு அடியும் உயர்ந்திருக்கட்டும். தாழ்ந்திருந்தால் காற்று மோதிக் கீழே தள்ளும். பழைய வீடு என்பதால் பறவைக் கூடும் உதிர்ந்த காரையும் அடைத்திருக்கலாம். மேலிருந்து கயிற்றில் கனத்த பிரஷ் கட்டி இறக்கிப் பார்த்துவிடுங்கள். மூட்டும்போது முதலில் இரண்டு தாள் நாளிதழைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் அடிவாயில் ஒரு நிமிடம் பிடியுங்கள். குழாய்க்குள் நிற்கும் குளிர்காற்று கனமானது. அது கிளம்பிய பிறகுதான் இழுப்பு வரும்.

இரும்பு அடுப்பு வைக்கிறீர்கள் என்றால் அடியில் கல் அல்லது டைல்ஸ் தளம், மரச் சாமான், திரைச்சீலை எல்லாம் மூன்று அடி தள்ளி. குழாய் அடுப்பின் வாயளவுக்கே இருக்க வேண்டும், இடையில் சுருக்கக் கூடாது. மொத்த உயரம் பதினைந்து அடி. வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். மர உத்தரத்தை ஒட்டிக் குழாய் போகிற இடத்தில் சும்மா ஓட்டை போட்டு நுழைக்காமல் பெரிய தகரக் கூடு வைத்து நடுவே காற்று இடைவெளி விட வேண்டும். இந்த வேலையை ஏற்கெனவே செய்து பழகியவரைக் கொண்டே செய்யுங்கள்.

விறகில் சீகைக்கே முதலிடம்: கனம், நல்ல கங்கு, பொறி குறைவு. அடுத்து கற்பூரமரம், பச்சையிலேயே பிளந்தது. சில்வர் ஓக் லேசு. மாலையில் சட்டென்று சூடேற்ற நல்லது, இரவுக்கு நிற்காது. பைனில் பிசின். நன்றாகக் காய்ந்த சிலாம்பைப் பற்றவைக்க வைத்துக்கொள்ளுங்கள், ஈரப் பைனை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

கோத்தகிரிக்கு இரண்டு மழையும் உண்டு, மூடுபனி வேறு. கீழ்நாட்டில் நாலு மாதத்தில் காய்வது அங்கே ஒரு வருடம் கேட்கும். மார்கழியில் பிளந்து, சித்திரை வரை வெயிலும் காற்றும் காட்டி, பிறகு கூரைக்குள் வைத்து அடுத்த குளிருக்கு எரியுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை வீட்டுக்குள் அடுப்பிலிருந்து மூன்று அடி தள்ளி வைத்தால் கடைசி ஈரமும் போகும். மலைப் பகுதியில் சொந்த நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. விற்பவரிடம் அனுமதியோடு வெட்டியதா என்று கேட்டே வாங்குங்கள். சோலை மரத்தைத் தொடவே வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. இரவு முழுக்கக் கங்கு இருக்கட்டும் என்று ஈரக் கட்டையைப் போட்டுக் காற்றுக் கதவை இறுக்க மூடும் பழக்கம் ஆபத்து. புகையில் எரியாமல் போகும் தார், குளிர்ந்த குழாய்ச் சுவரில் கறுப்புப் பூச்சாகப் படியும். என்றாவது ஒருநாள் தீ ஓங்கும்போது அந்தத் தார் குழாய்க்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். படிவு ஒரு எட்டணாக் காசுத் தடிமனுக்கு மேல் போகாமல், வருடத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யுங்கள். இரண்டாவது: குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பெக்யூ தட்டையோ படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலை ஊர்களில் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சரியான புகைபோக்கி இருந்தாலும் ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வையுங்கள். அந்த வாயுவைக் கண்டு அலறும் பேட்டரிக் கருவி ஒன்றைப் படுக்கும் அறையில் மாட்டுங்கள். விருந்தினருக்கு வீட்டைக் கொடுப்பதாக இருந்தால் கட்டாயம்.

பேக்கிங் பெட்டி உடைத்த பலகை சும்மாவே கிடைக்கிறது. அடுப்புக்கு ஆகுமா? (திருப்பூர்)

எல்லாம் ஆகாது. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பலகைத் தட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்து இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எரிக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, தொடாதீர்கள். பெயின்ட் அடித்தது, ரசாயனம் ஏற்றிப் பச்சை நிறமாக இருப்பது, எண்ணெயோ சாயமோ கொட்டியது, பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, எதுவும் அடுப்புக்கு வரக்கூடாது. பசையும் பூச்சும் எரிந்து வரும் புகை சமையலறையில் நிற்கும். நல்ல பலகை பெரும்பாலும் பைன்தான், நன்றாகக் காய்ந்திருக்கும், தாள் போலப் பற்றும். தனியாக எரித்தால் வாளி காய்வதற்குள் ஒரு கட்டு தீர்ந்துவிடும். வேல விறகுக்குப் பற்றவைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டு எரியுங்கள், இல்லையென்றால் சாம்பலோடு தோட்டத்துக்குப் போய்க் காலில் ஏறும்.

சீமைக்கருவேல் புகை விஷம், அதில் சமைத்தால் மூச்சுக்குக் கெடுதல் என்கிறார்களே?

அந்த மரத்துக்கென்று தனி விஷம் இல்லை. எந்த விறகுப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல்தான். உண்மையில் எரிக்கக் கூடாதவை அரளி, எட்டி, பாலடிக்கும் திருகுகள்ளி. வேலி கழித்த குப்பையோடு இவை கலந்து வந்துவிடும், பார்த்துப் பொறுக்கி எறியுங்கள்.

விறகு காய்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் அடுப்பு புகைகிறது. கோபி பக்கம் வீடு. மண் அடுப்பு, ஒரு கொடியடுப்பும் உண்டு.

அப்படியானால் குறை காற்றில்தான். மண் அடுப்பில் கட்டை தரையில் படுத்துக் கிடக்கிறது, சாம்பல் அதன் அடியை மூடுகிறது, காற்று மேலே மட்டும் போகிறது. பாதி எரிந்த வாயுதான் புகையாக வருகிறது. பழைய கம்பித் துண்டுகளை விரலளவு இடைவெளி விட்டு வைத்துத் தட்டு போல் கட்டி, அடுப்புத் தரையிலிருந்து மூன்று அங்குலம் உயரத்தில் பொருத்துங்கள். கட்டை அதன்மேல் இருக்கட்டும். அடியில் காற்று புகும், சாம்பல் கீழே விழும். சாம்பலைத் தினமும் வாருங்கள். மூன்று அங்குலமும் நிரம்பிவிட்டால் தட்டு வைத்தும் பயனில்லை.

வாயை விறகால் அடைக்காதீர்கள். வாயில் மூன்றில் ஒரு பங்காவது காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமன் கட்டை மூன்று, நுனிகள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவே விரல் நுழையும் இடைவெளியோடு: ஒற்றைக் கட்டை தனியாக எரியாது, நாலைந்து நெருக்கினால் மூச்சு முட்டும். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே வாருங்கள், ஒரேயடியாகத் திணிக்க வேண்டாம்.

பாத்திரத்துக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர். அதைவிடக் குறைந்தால் தீ வாய் வழியே திரும்பி வரும், கூடினால் சூடு வீணாகும். குமிழ் தேய்ந்துபோன பழைய அடுப்பில் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் அடைந்திருக்கும். புது மண் வைத்துக் குமிழை உயர்த்துங்கள். கொடியடுப்பில் பாத்திரம் இல்லாதபோது அதைத் திறந்து வைத்தால் புகைபோக்கி அறைக்காற்றை இழுக்கும், அடுப்பை இழுக்காது. மூடி போட்டு வையுங்கள்.

புகைபோக்கி இல்லாத வீட்டில் நாலு அங்குலக் குழாய் ஒன்று ஓட்டுக்கு மேல் இரண்டு அடி உயர்ந்து நின்றாலே சமையலறைக் கரி குறையும். மாதம் ஒருமுறை துணிப்பந்து கட்டிய கழியால் குழாயைத் துடையுங்கள். தவலையின் அடியையும் கவனிக்க வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணியில் உள்ளே சுண்ணாம்பு ஏடு படியும். அது சூட்டைத் தடுக்கும். லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்துச் சில மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் கழன்றுவிடும். தண்ணியைக் கொதிக்கவிட்டுப் பச்சைத்தண்ணி கலப்பதைவிட, வேண்டிய சூட்டோடு நிறுத்தினால் இந்த ஏடும் குறையும், விறகும் மிச்சமாகும்.

அடுக்கிய சீமைக்கருவேல் கட்டையிலிருந்து மாவு மாவாகக் கொட்டுகிறது. எரிக்கலாமா? (அவிநாசி)

எரிக்கலாம், சீக்கிரம் எரித்துவிடுங்கள். அது கட்டை துளைக்கும் வண்டின் வேலை. வெளிப்புற வெள்ளைக் கட்டையில் உள்ள மாவுச்சத்தைத் தின்னும் புழு உளுத்த தூளாக வெளியே தள்ளுகிறது. கட்டை எடை குறையக் குறைய உங்கள் சூடும் குறைகிறது. வீட்டு மரச்சாமான் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவராதீர்கள். அடுத்த முறை வெட்டியதும் பட்டையை உரித்துப் பிளந்து காய வைத்தால் வண்டு ஏறுவது குறையும். பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. அது அடுப்பில்தான் எரியும்.

விறகுச் சாம்பலை வயலில் போடலாமா?

அளவோடு போடலாம். சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு, காரத்தன்மை அதிகம். நம் பக்கத்துச் செம்மண்ணிலும் கரிசலிலும் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைய. பல்லடம், காங்கயம் பக்கம் மண்ணைத் தோண்டினால் வெள்ளைச் சுக்கான் கட்டிகள் வரும். அப்படிப்பட்ட நிலத்தில் கூடை கூடையாகக் கொட்டினால் இரும்புச்சத்துக் குறைந்து இலை மஞ்சளாகும். எருக்குழியில் மெல்லிய அடுக்காகத் தூவுங்கள். கோத்தகிரி பக்கத்துப் புளிப்பு மண்ணில் காய்கறிப் பாத்திக்கு நன்றாக வேலை செய்யும். தேயிலைக்கு மட்டும் போடாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். பெயின்ட் பலகை எரித்த சாம்பல் எதற்கும் உதவாது. எந்தச் சாம்பலையும் அள்ளியதும் பிளாஸ்டிக் பக்கெட்டில் கொட்டாமல் தகர டின்னில் மூடி ஒரு முழு நாள் வெளியே வையுங்கள். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கங்கு இருக்கும்.